வாவித் தரவு: ஐந்து பேர், பதினேழு எக்செல். எதை நம்புவது?

கல்லடிக்காரி கேட்டது:

கொஞ்சம் நீளம், மன்னிக்கவும். சுருக்கமாகக் கேட்டால் "கிட் பாவியுங்கள்" (ஃபைலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள், அதனால்தான்.

நான் மட்டக்களப்பு வாவியில் நீரின் தரம் அளக்கும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளர். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆறு இடங்களுக்குப் போக வேண்டும். பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலம், வலையிறவு, மண்முனை, குருமண்வெளிப் பாதையடி, கடைசியாக அம்பாறை மாவட்டத்துக்குள் கிட்டங்கி. (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை.) வாவி 56 கிலோமீற்றர் அளவு நீளம், ஒரு நாளில் முடியாது. கையில் பிடிக்கும் மீற்றரால் மின்கடத்துதிறன் (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுவது), வெப்பநிலை, கரைந்த ஒட்சிசன் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். அதைவிட முகத்துவாரத்துக்குக் கிட்ட ஒன்று, மண்முனையில் ஒன்று என்று இரண்டு லொகர் தண்ணீருக்குள் கட்டிக் கிடக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாங்களே பதிந்துகொள்ளும். நாளுக்கு 96 வரி, வருடத்துக்கு 35,040. இரண்டு லொகர், இரண்டு வருடம், 140,000 வரிக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெரிய ஆய்வுகூடங்களில் இதைத் தரவு என்றே எண்ணமாட்டார்களாம். எங்களுக்கு இதுவே கழுத்தளவு.

இந்தத் தரவில் ஐந்து பேர் கை வைக்கிறோம். நான். ஒலுவில் பக்கத்திலிருந்து வரும் ஒரு முதுமாணி மாணவன், தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைநகரில் இருந்துகொண்டு வாவிக்குக் கணினி மொடல் செய்யும் ஒருவர். திட்டத்தை நடத்தும் சேர். வெளிநாட்டில் ஒரு பேராசிரியர்.

வேலை நடக்கும் விதம் இதுதான். நான் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். தம்பி எக்செலில் தட்டுவான். மொடல்காரர் அதை வாங்கித் தனக்கு வேண்டிய மாதிரி நிரல்களை மாற்றுவார். சேர் திறந்து பார்த்து, ஏதாவது திருத்தி, சேமித்து, மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்புவார். இப்போது என் லப்டொப்பில் வாவி_கடைசி, வாவி_கடைசி_சரியானது, வாவி_கடைசி_சேர்_பார்த்தது, வாவி_கடைசி_சேர்_பார்த்தது_2 என்று பதினேழு ஃபைல். எது கடைசி என்று ஒருவருக்கும் தெரியாது.

இதெல்லாம் பழகிப் போயிருந்தது. போன கிழமை சூம் கூட்டத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மாரியில் வெள்ளம் ஏறி முகத்துவாரத்தை வெட்டினார்கள். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து மணல்திட்டை அறுத்தபோது நான் கரையில் நின்றேன். முதல் ஓடை ஒரு வாய்க்கால் அகலம்கூட இல்லை. அரை மணித்தியாலத்தில் இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாக விழ, வாவி கடலுக்குள் இரைந்துகொண்டு பாய்ந்தது. மூன்று நாள் வெளியேதான் ஓடியது. நாலாம் நாள் நீர்மட்டம் இறங்கியதும் பெருக்கு நேரத்தில் கடல் உள்ளே வந்தது. அதுவரை உப்பு 3க்குக் கிட்ட காட்டிக்கொண்டிருந்த லொகர், திடீரென்று 19, பிறகு வற்றில் 5, அடுத்த பெருக்கில் 22 என்று குதித்தது. இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல தரவு அந்தப் பத்து நாள்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் மொடல்காரர் வரைபைப் போட்டார். அந்த இடம் மொட்டையாக, அழகாக, சாய்வாகக் கிடந்தது. "அது லொகர் பழுது. சராசரியிலிருந்து அவ்வளவு தூரம் போகாது. எடுத்துவிட்டு இடையை நிரப்பியிருக்கிறேன்" என்றார். எடுத்த வரிகள் எந்த ஃபைலில் என்று கேட்டேன். அதற்குமேல் சேமித்துவிட்டாராம்.

லொகரின் மூல ஃபைல் என்னிடம் இருக்கிறது என்பதால் தரவு போகவில்லை. ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. நான் பார்க்காத வேறு எத்தனை இடங்களை எடுத்திருப்பார்?

மற்ற இரண்டு தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 7ஐ நான் 7/12 என்று எழுதுவேன். குழுவில் யாரோ ஒருவரின் லப்டொப் அமெரிக்க ஒழுங்கில் இருக்கிறது, அது ஜூலை 12 ஆகிவிட்டது. 12ஆம் தேதி வரைக்கும் இப்படிச் சத்தம் போடாமல் தலைகீழாகிவிடும். 13இலிருந்து அது தேதியே இல்லை, வெறும் எழுத்து, வரைபில் வரவே வராது. ஆடி மாதக் கோடையில் மாரி வெள்ளம் வந்த மாதிரி ஒரு படம் கிடைத்தது. அடுத்தது மீற்றர். உப்புக் குறைந்த தண்ணீரில் அது மின்கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸில் காட்டும், உப்புக் கூடினால் தானாகவே மில்லிசீமன்ஸுக்கு மாறும். கிட்டங்கியில் 640, முகத்துவாரத்தில் 38.2. நான் அலகு எழுதவில்லை. தம்பி இரண்டையும் ஒரே நிரலில் தட்டிவிட்டான். அந்தத் தவறு என்னுடையது.

கேள்வி: பெரிய சேர்வர், பணம் ஒன்றும் இல்லாமல், எக்செலை விட்டு வர மறுக்கும் ஒரு சேரையும் வைத்துக்கொண்டு, ஐந்து பேர் ஒரே தரவில் வேலை செய்ய வழி உண்டா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.


கல்முனை_கோடர் எழுதியது:

அக்கா, நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் கிட் என்றுதான் சொல்லப்போகிறேன் :-)

லினக்ஸ் கேர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினது அது. ஒருவரை ஒருவர் முகம் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான பேர் ஒரே கோடில் வேலை செய்கிறார்கள். உங்கள் ஐந்து பேர் எம்மாத்திரம். யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்று எல்லாம் பதிவாகும். அந்தப் பத்து நாளை அழித்தவர் அழித்ததற்குக் காரணம் எழுதாமல் தப்பமுடியாது. சரி, "பழுது" என்று ஒரு சொல் எழுதித் தப்பலாம். ஆனால் அழித்த வரிகள் பழைய நிலையில் அப்படியே இருக்கும், திருப்பி எடுக்கலாம்.

ஒரு விஷயம் கவனம். எக்செல் ஃபைலை அப்படியே போடாதீர்கள். உள்ளே எது மாறியது என்று கிட்டால் வரிவரியாகக் காட்ட முடியாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) ஆக்கிப் போடுங்கள். கிட்டில் உள்ளதை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, உங்கள் 140,000 வரி பத்து எம்பிகூட வராது, பயப்பட ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிதானால் டிவிசி என்று ஒன்று இருக்கிறது, தரவை வேறு இடத்தில் வைத்துக்கொண்டு அடையாளத்தை மட்டும் கிட்டில் வைக்கும்.


கல்லடிக்காரி எழுதியது:

நன்றி தம்பி. நேற்று இரவு டேட்டாவில் இறக்கி முயற்சி செய்தேன். நானும் ஒலுவில் தம்பியும் வைத்துப் பார்த்தோம், பிடித்திருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே வரியைத் திருத்தியபோது மோதல் என்று சொல்லி ஃபைலுக்குள் அம்புக்குறியெல்லாம் போட்டுவிட்டது. தம்பி பயந்துபோய் ஃபோல்டரை அழித்துவிட்டு என்னிடமே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். பதினெட்டாவது ஃபைல்.

சேரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நீ எனக்கு எக்செல் அனுப்பு மகள்" என்றார். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. ஆனால் அவ்வளவுதான்.


ஷீட்_போதும் எழுதியது:

இதற்குப் போய் ஏன் இவ்வளவு? எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் போட்டால் எல்லோரும் ஒரே ஃபைலில். பழைய பதிப்புகளும் இருக்கும். ஒரு கோடி கட்டம் வரைக்கும் பிடிக்கும். முடிந்தது கதை.


ஏறாவூர்_ராத்தா எழுதியது:

ஷீட் தம்பி, கட்டம் பிடிக்கும், ஃபோன் பிடிக்காது. 140,000 வரி ஷீட்டைச் சாதாரண ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கொப்பியிலிருந்து தட்டும் சின்ன அட்டவணைக்கு ஷீட் நல்லது, அதை ஏற்கிறேன். லொகர் தரவுக்கு வேண்டாம்.

தங்கச்சி, நான் பல வருடம் ஆய்வுத் தரவு ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தவள். முதலில் ஒன்று: இது உங்கள் குழுவுக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை. எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 என்று இருந்தவை, பாவம், மார்ச் 1, செப்டம்பர் 1 ஆகிக்கொண்டிருந்தன. மென்பொருள் திருந்தாது, நாங்கள் திருந்துவோம் என்று முடிவு. அதே வருடம் ஒக்டோபரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொவிட் தொற்றாளர் எண்ணிக்கையில் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்செல் வடிவம் 65,536 வரிக்குமேல் கொள்ளாது. மிச்சம் கீழே விழுந்துவிட்டது, யாரும் காணவில்லை.

உங்களுக்கு மென்பொருள் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. மூலத் தரவும் வேலைத் தரவும் ஒரே சட்டிக்குள் கிடக்கின்றன. பச்சை மீனையும் ஆக்கின கறியையும் ஒரே சட்டியில் வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். "மூலம்" என்று ஒரு ஃபோல்டர். லொகரிலிருந்து இறங்கியது இறங்கினபடி, கொப்பிப் படம் எடுத்தபடி. அதற்குள் எவரும் எழுதக்கூடாது, சேர் உட்பட. ஃபோல்டரை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஷா-256 கைரேகை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் நீளமான குறியீடு) எடுத்து ஒரு எழுத்து ஃபைலில் வையுங்கள், ஒரு கட்டளைதான். பிறகு யாரிடமாவது இருக்கும் நகல் அதே ஃபைல்தானா என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். பதினேழு ஃபைலில் எத்தனை உண்மையில் ஒன்றே என்பதையும் இப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், ஆறு ஏழு ஒன்றேயாக இருக்கும்.

அடுத்தது, அழிக்கக்கூடாது. யாருக்கு எந்த எண்ணில் சந்தேகம் வந்தாலும் எண் அதன் இடத்திலேயே இருக்கட்டும், பக்கத்து நிரலில் ஒரு கொடி. கடல் தரவுக்காரர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் எண்களையே எடுங்கள்: 1 நல்லது, 2 இன்னும் பார்க்கவில்லை, 3 சந்தேகம், 4 கெட்டது, 9 இல்லை. அதற்குப் பக்கத்தில் யார் வைத்த கொடி, ஏன் என்று ஒரு சொல். மொடல்காரர் 3ஐயும் 4ஐயும் விட்டுவிட்டு வரைய விரும்பினால் வரையட்டும், அது அவர் விருப்பம். நீங்கள் கொப்பியைக் காட்டி "முகத்துவாரம் வெட்டியது" என்று எழுதி 3ஐ 1 ஆக்கலாம். சண்டை கூட்டத்தில் நடக்காது, நிரலில் நடக்கும்.

தேதிக்கு 2024-12-07 மாதிரி, வருடம் முன்னே. எந்த லப்டொப்பும் அதைத் தலைகீழாக்காது. அலகை நிரலின் பெயரிலேயே எழுதுங்கள், எண்ணோடு கட்டத்துக்குள் போடாதீர்கள். மீற்றரைத் தானாக மாறவிடாமல் ஒரே அலகில் நிறுத்திவைக்க ஒரு அமைப்பு இருக்கும், கையேட்டில் தேடுங்கள்.

இடப்பெயருக்குக் குறியீடு கொடுங்கள். ம1, ம2, க1, அப்படி. நான் பட்ட பாடு! களுவாஞ்சிக்குடியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் கடைசியில் ஐ போடுவார், ஒருவர் வை போடுவார், நடுவில் வீயா டபிள்யூவா என்பது ஆளுக்கு ஆள். கணினிக்கு அவை நாலு ஊர். தமிழில் எழுதினால் தப்பலாம் என்று நினைத்தால் பழைய ஃபைல்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கிலக் குப்பை. யுனிகோடில் எழுதியவையும் சிஎஸ்வியாக எக்செலில் திறந்தால் சிலவேளை பெட்டி பெட்டியாக வரும், சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று இருப்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.

சேருக்கு? எக்செலே அனுப்புங்கள். மூலத்திலிருந்து ஒரு சின்னக் கணினிப் புரோகிராம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக ஒரு எக்செல் செய்து தரட்டும். அவர் அதில் என்ன திருத்தினாலும் அது பார்வைப் பிரதி, திரும்பி உள்ளே வராது. திருத்தம் வேண்டுமென்றால் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் கொடியாக ஏற்றுங்கள். பெரியவர்களை மாற்றுவதைவிட அவர்களைச் சுற்றி வேலி போடுவது லேசு.


குளத்துக்கட்டு எழுதியது:

மகள், நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கிட் எல்லாம் எனக்குத் தெரியாது, பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள். மழைமானி தெரியும், அதனால் சொல்கிறேன்.

எண்ணைவிட மணியைச் சரி பாருங்கள்.

மழைமானியைக் காலை எட்டரைக்கு வாசிப்பது வழக்கம். 8ஆம் தேதி காலையில் நான் எழுதும் 74 மில்லிமீற்றரில் முக்கால்வாசி 7ஆம் தேதி பகலும் இரவும் பெய்தது. மழைக் கொப்பியையும் உங்கள் லொகரையும் யாராவது தேதிக்குத் தேதி ஒட்டினால் வெள்ளம் முதல், மழை அடுத்தது என்று வரும். அப்படி ஒரு அறிக்கையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் மொடல்காரர் பழைய பதிவுகளைக் கேட்கத் தொடங்கினால் இதைச் சொல்லுங்கள். 1996 மே மாதம் மின்சாரம் மிச்சம் பிடிக்க நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே. 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணித்தியாலமும் பின்னே, பழையபடி ஐந்தரை. சரி, இது அரசாங்கத்தின் மணி. புலிகளின் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே நடந்தது. அந்த நாளில் இங்கிருந்தவர்களுக்குத் தெரியும், எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே) ஒரு மணி, படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே) ஒரு மணி. மண்முனையில் பாலம் இல்லை, பாதைதான். பாதை ஏறி அக்கரையில் இறங்கினால் அரை மணித்தியாலம் மிச்சம். எங்கள் ஆட்கள் எந்தக் கரையில் நின்று எழுதினார்களோ அந்தக் கரை மணியை எழுதினார்கள். கொப்பியில் எந்த மணி என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதுகிறவனுக்கு அது தெரிந்த விஷயம், ஏன் எழுதப்போகிறான்?

கணினியில் ஏசியா கொழும்பு நேரம் என்று கொடுத்தால் 1996, 2006 மாற்றமெல்லாம் தானே கணக்கில் எடுக்குமாம், பேத்தி சொல்கிறாள். படுவான்கரை மணி அதில் இல்லை.

அதனால் உங்கள் இரண்டு லொகரும் எந்த மணியில் ஓடுகின்றன என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வெயிலைக் கேளுங்கள்.


கல்முனை_கோடர் எழுதியது:

ஐயா, "வெயிலைக் கேளுங்கள்" என்றால் விளங்கவில்லை?


குளத்துக்கட்டு எழுதியது:

ஆழமில்லாத தண்ணீர் பின்னேரம் மூன்று மணிக்குக் கிட்டத்தான் ஆகச் சூடாகும். கோடையில் மேகம் இல்லாத ஒரு கிழமையை எடுத்துப் பாருங்கள். லொகர் எத்தனை மணிக்குச் சூடு கூட என்று சொல்கிறது?


கல்லடிக்காரி எழுதியது (மூன்று கிழமை கழித்து):

ஐயாவுக்கு முதலில். உங்களுக்கு நான் ஒரு சருவம் நிறைய இறால் கடன்.

அன்று இரவே பார்த்தேன். முகத்துவார லொகரில் வெப்பநிலை பின்னேரம் மூன்று, மூன்றரைக்கு உச்சம். சரி. மண்முனை லொகரில் காலை ஒன்பதரை. திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஆவணிக் கச்சான் காற்று வீசும் நாளிலும் ஒன்பதரை, பங்குனியிலும் ஒன்பதரை. சூரியன் எழுவான்கரையில் மூன்றரைக்கும் படுவான்கரையில் ஒன்பதரைக்குமா உச்சிக்கு வருகிறது? அந்த லொகரைத் தொடங்கி வைத்தது வெளிநாட்டுப் பேராசிரியர், வந்திருந்தபோது தன் லப்டொப்பில். அது உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணித்தியாலம் பின்னால், இரண்டு வருடமாக.

இதில் சிரிப்பும் அழுகையுமாக ஒன்று. இங்கே வற்றும் பெருக்கும் ஒரு சுற்று பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். ஐந்தரை மணித்தியாலம் தள்ளினால் ஏறக்குறைய அரைச் சுற்று. முகத்துவாரத்தில் பெருக்கு வரும்போது மண்முனையில் வற்று என்று வரைபு காட்டிக்கொண்டிருந்தது. மொடல்காரர் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தார். மண்முனைக்குப் பெருக்கு வரக் கொஞ்சம் தாமதம் ஆகும்தான், அது உண்மை, ஆனால் அவர் எழுதியிருந்த அளவு இல்லை. நான் சூமில் வெப்பநிலை வரைபை மட்டும் போட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு "அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும் விதமே வேறு. அன்று மாலை தானாகவே அழைத்து, முகத்துவாரம் வெட்டிய நாளில் எத்தனை அடி அகலம் திறந்தது, எப்போது மூடியது என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். கொப்பியில் இருந்ததைச் சொன்னேன். எழுதாததையும் நினைவில் இருந்தவரை சொன்னேன், ஆனால் நினைவு என்று தனியாகக் குறிக்கச் சொன்னேன்.

ராத்தா, பந்தயத்தில் நீங்கள் தோற்றீர்கள். பதினேழில் ஒன்பது ஒன்றே. மிச்சம் எட்டில் மூன்று பேர் மூன்று விதமாக அதே ஒரு நாளைத் திருத்தியிருந்தார்கள்.

மூலம் ஃபோல்டர் பூட்டியாயிற்று. ஒரு நகல் என் லப்டொப்பில், ஒன்று திட்டத்தின் டிரைவில், ஒன்று பென் டிரைவில் சேரின் மேசை லாச்சிக்குள். கொடி நிரல் போட்டோம். முதல் கிழமை மொடல்காரர் வைத்த 3 மட்டும் 412. அதில் 300க்கு மேல் நான் 1 ஆக்கினேன், ஒவ்வொன்றுக்கும் கொப்பிப் பக்க இலக்கத்தோடு. மீதி உண்மையிலேயே பழுதுதான், லொகரில் சிப்பி ஒட்டி வளர்ந்த கிழமைகள், அதை அவர்தான் கண்டுபிடித்தார், நான் விட்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

மீற்றர் 640களைத் தம்பியும் நானும் கொப்பியோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாவற்றையும் ஆயிரத்தால் வகுத்துவிடலாம் என்றான் தம்பி. நல்ல காலம் செய்யவில்லை. வலையிறவில் ஒரு 640 உண்மையில் 6.40, நான் புள்ளியை விட்டிருந்தேன். படகு ஆடியிருக்கும்.

கிட்டை நானும் தம்பியும் மொடல்காரரும் பாவிக்கிறோம். கோடர் தம்பி, நீங்கள் தனியாக அனுப்பிய விளக்கத்துக்கு நன்றி. ஆளுக்கொரு ஃபைல் என்று பிரித்ததில் இருந்து மோதல் வரவில்லை. சேருக்கு வெள்ளிக்கிழமை எக்செல் போகிறது. அவர் அதைத் திருத்தி "வாவி_கடைசி" என்று சேமித்துத் திருப்பி அனுப்புகிறார். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி மிச்சம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள். முன்பு பேசிக்கொண்டபடி என் பெயர் நன்றியுரையில். இதைப் பற்றிக் கேட்பது சரியா?


ஏறாவூர்_ராத்தா எழுதியது:

சரிதான், கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கட்டுரை முடிவதற்கு முன்னம். பல ஆய்விதழ்கள் இப்போது கிரெடிட் என்ற முறைப்படி யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. 14 பங்குகள் இருக்கின்றன. களத்தில் அளப்பது அதில் ஒன்று, தரவை ஒழுங்குபடுத்திப் பேணுவது தனியாக இன்னொன்று. இரண்டும் உங்கள் வேலை. அந்தப் பட்டியலை நிரப்பி சேருக்கு அனுப்பி, "இதில் நான் எங்கே வருவேன் சேர்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் பங்கு இருந்தால் பெயர் தலைப்பில் போகும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, அதைக் குழுதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வெறுமையான தாளை வைத்துப் பேசுவதைவிட இது லேசு.

தரவையும் தனியாக வெளியிடச் சொல்லுங்கள். செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியம் இருக்கிறது, ஐரோப்பாவின் சேர்ன் அணு ஆய்வுகூடம் நடத்துவது, காசு இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்ட நிலையான டிஓஐ இலக்கமும் தரும். அதில் முதல் பெயர் யாருடையது என்பது வேறு பேச்சு. வெளியிடும் முன் கொப்பிப் படங்களைப் பாருங்கள், தோணிக்காரர்களின் பெயர், ஃபோன் இலக்கம் ஓரத்தில் எழுதியிருப்பீர்கள். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதை உலகத்துக்குக் காட்டத் தேவையில்லை.


கல்லடிக்காரி எழுதியது:

பார்த்தேன் ராத்தா. பதினொரு பக்கத்தில் ஃபோன் இலக்கம் இருக்கிறது, ஒரு பக்கத்தில் இறால் விலையும். மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலை நேற்று சேருக்கு அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது, எக்செலில். என் பெயருக்கு நேரே நாலு பங்கில் புள்ளடி போட்டிருக்கிறார், நான் கேட்டது இரண்டு. ஃபைலின் பெயர் பங்கு_கடைசி_2. முதல் பங்கு_கடைசியில் என்ன இருந்தது என்று தம்பி கேட்கச் சொல்கிறான். நான் கேட்கவில்லை.

நாளை விடிய மண்முனைக்குப் போகிறோம், லொகரை எடுத்து மணி திருத்த. ஐயா, உங்களுக்குப் பின்னேரம் வசதியென்றால் பேத்தியிடம் சொல்லுங்கள், இறாலோடு வருகிறேன்.